எட்டா, ஏழரையா? ஏலக்காய்த் தட்டில் கொஞ்சம் கணக்கு

போடியில் ஏலக்காய் வாங்கி விற்கிற வீட்டுப் பிள்ளைக்கு எம்எம், அதாவது காயின் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்கிற கணக்கு, என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டுக்கு மேல், ஏழு எட்டு, ஆறு ஏழு, பொடி என்று காலையில் காபி குடிக்கும்போதே ஆரம்பித்துவிடும் பேச்சு. கேரளத்துப் பூப்பாறை, சாந்தம்பாறை, வண்டன்மேடு பக்கமிருந்து மலைமெட்டு இறங்கி வருகிற காய் எல்லாம் கடைசியில் சல்லடைக்குத்தான் வர வேண்டும். மேலே நின்றால் எட்டு, விழுந்தால் ஏழு. விலை அங்கே பிரிகிறது.

ஆனால் ஏலக்காய் கோலிக்குண்டு இல்லையே. நீளமாக, மூன்று பட்டையாக, ஒரு முனையில் காம்போடு இருக்கிற பொருள். துளைக்கு நேராகக் குத்திட்டு நின்றால் நழுவி இறங்கிவிடும், குறுக்கே படுத்துக்கொண்டால் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஆகவே எவ்வளவு நேரம் ஆட்டினோம், யார் ஆட்டினார்கள் என்பதெல்லாம் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. விற்க வந்தவர் ஆட்டினால் எட்டு கூடும், வாங்குகிறவர் ஆட்டினால் குறையும்! போன வருஷம் ஒரு நாள் நூறு கிராம் சாம்பிளை வைத்துக்கொண்டு மலைக்கு மேலிருந்து வந்த ஒரு சேட்டனும் எங்கள் மாமாவும் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார்கள், இவர் தமிழில், அவர் பாதித் தமிழ் பாதி மலையாளத்தில். அவர் போனபிறகு மாமா என்னைப் பார்த்து, “நீதான் கணக்குப் படிச்சிருக்கியே மாப்ள, போன்ல ஒரு போட்டோ எடுத்து இதுல எட்டு எத்தனைன்னு சொல்ல முடியாதா?” என்றார்.

முடியும் மாமா என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு நாலு மாதம் போனது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, ஒவ்வொரு காயைச் சுற்றியும் ஒரு பெட்டி போட்டு, பெட்டியின் அகலம்தான் காயின் அகலம் என்று எடுத்துக்கொண்டேன். காய் நேராகக் கிடந்தால் சரி. கொஞ்சம் சாய்ந்து கிடந்தால் பெட்டி பெருத்துவிடும், ஆறு எம்எம் காய் பதினொன்று என்று வரும். சரி, பிக்சலை எண்ணிப் பரப்பளவு பார்ப்போம் என்றால், ஒல்லியாக நீண்ட காய்க்கும் குட்டையாகப் பருத்த காய்க்கும் ஒரே பரப்பு. ஏலக்காயில் அந்த இரண்டுக்கும் ஒரே விலை கிடையாது.

அப்போதுதான் காலேஜில் பரீட்சைக்கு மட்டும் படித்து மறந்துபோன மொமென்ட் ஞாபகத்துக்கு வந்தது. பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் திருப்புத்திறன் என்று படித்தோமே, விசையையும் தூரத்தையும் பெருக்குவது, அதே குடும்பம்தான். பழனிக்குக் காவடி தூக்கிப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு பக்கச் செம்பில் பால் கூடிவிட்டால் தோளை அந்தப் பக்கமாக நகர்த்திக்கொள்வோம், எடை ஒருபக்கம் எடை இன்னொருபக்கம் என்பதை மட்டும் பார்க்காமல் எவ்வளவு தூரத்தில் என்பதையும் உடம்பே கணக்குப் போட்டுவிடும். படத்தில் செம்புக்குப் பதிலாகப் பிக்சல். ஒவ்வொரு பிக்சலின் மதிப்பையும் அது எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறதோ அந்த எண்ணால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் காயின் நடு கிடைக்கும், தோளை வைக்க வேண்டிய இடம்.

தூரத்தால் பெருக்காமல் சும்மா கூட்டினால் அது பூஜ்ய வரிசை மொமென்ட், அதாவது பரப்பு. ஒரு தடவை பெருக்கினால் முதல் வரிசை, நடுப்புள்ளி. நடுப்புள்ளியிலிருந்து தூரத்தை அளந்து, அதை வர்க்கம் செய்து பெருக்கினால் இரண்டாம் வரிசை, காய் எந்தப் பக்கம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அது சொல்லும். எக்ஸ் வழியாக ஒன்று, ஒய் வழியாக ஒன்று, இரண்டும் கலந்து ஒன்று, ஆக மூன்றே எண்கள். இந்த மூன்றிலிருந்து காய் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, அதன் நெட்டச்சு எவ்வளவு, குறுக்கச்சு எவ்வளவு எல்லாம் வந்துவிடும். காய் எப்படிச் சாய்ந்து கிடந்தாலும் கவலையில்லை. குறுக்குப் பரவலின் (குறுக்குவாட்டுத் தூர வர்க்கங்களின் சராசரி) வர்க்கமூலத்தை 4-ஆல் பெருக்கினால் அகலம்.

அந்த 4-ல் ஒரு வில்லங்கம் இருக்கிறது, இணையத்தில் புரோகிராம் நகலெடுக்கிறவர்கள் பாதிப் பேர் கவனிப்பதில்லை. நீள்வட்டத்துக்கு மட்டும்தான் அது 4. செவ்வகத்தை இதே கணக்கில் போட்டால் உண்மை அகலத்தைவிடச் சுமார் 15 சதவீதம் கூடக் காட்டும். சீட்டுக்கட்டு டைமண்ட் வடிவமாக இருந்தால் சுமார் 18 சதவீதம் குறைத்துக் காட்டும். ஏலக்காய் நீள்வட்டத்துக்கும் டைமண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, ஆகவே வெர்னியர் அளவுகோலில் எட்டு வருகிற காய் என் கணக்கில் எப்போதும் கொஞ்சம் இளைத்தே வந்தது. ஐம்பது காயை வெர்னியரில் அளந்து, ஒரு விகிதம் எடுத்து அதால் பெருக்கிக்கொண்டேன். அழகான கணக்கில்லைதான், வேறு வழியும் தெரியவில்லை.

இனி கேமரா. ஆரம்பத்தில் சாம்பிள் முழுவதும் ஒரே படத்தில் வர வேண்டும் என்ற பேராசையில், தரையில் வெள்ளை சார்ட் விரித்து கேமராவை மேலே தூக்கிக் கட்டினேன். 640க்கு 480 படம், ஒரு எம்எம்முக்கு ஒரு பிக்சல். எட்டு எம்எம் காய்க்கு எட்டே பிக்சல் அகலம். இங்கேதான் எனக்குப் பல நாள் புரியாமலிருந்த ஒரு விஷயம் வருகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பாடப் புத்தகத்தில் மொமென்ட் என்பது தொகையீடு, இடைவெளியில்லாத உருவத்துக்கானது. நாம் செய்வது கூட்டல், ஒவ்வொரு பிக்சலும் தன் நடுவில் ஒரு புள்ளியாக உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு. நாலே பிக்சல் அகலமுள்ள ஒரு கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து பிக்சல்கள் இருக்கும் தூரம் ஒன்றரை, அரை, அரை, ஒன்றரை. வர்க்கம் செய்து சராசரி எடுத்தால் 1.25. ஆனால் நாலு அலகு நீளமுள்ள முழுக் கோட்டுக்குத் தொகையீடு போட்டால் 16-ஐ 12-ஆல் வகுக்க வேண்டும், 1.333. வித்தியாசம் சரியாகப் பன்னிரண்டில் ஒரு பங்கு. எந்த நீளத்துக்குப் போட்டுப் பார்த்தாலும் அதே பன்னிரண்டில் ஒரு பங்குதான் குறையும், ஏனென்றால் ஒவ்வொரு பிக்சலும் தன் கட்டத்துக்குள்ளேயே பரவியிருக்கிற பரவலை நாம் விட்டுவிட்டோம். ‘துல்லியமான மொமென்ட்’ என்று ஆய்வுக் கட்டுரைகளில் எழுதுகிறார்களே, அதில் பாதி இந்த விடுபட்ட பங்கைத் திரும்பச் சேர்க்கிற வேலை. பிக்சலை ஓடு பதித்த கட்டமாக நினைத்து ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் தொகையீட்டைச் சரியாகப் போடுவது.

சரி, சேர்த்துவிட வேண்டியதுதானே என்று சேர்த்தேன். அப்புறம்தான் ஷெப்பர்ட் ஞாபகம் வந்தார். புள்ளியியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், 1890-களில் அவர் சொன்ன திருத்தம். தரவை வகுப்பு வகுப்பாகப் பிரித்துப் பரவல் கணக்கிட்டால், வகுப்பு அகலத்தின் வர்க்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் *கழிக்க* வேண்டும் என்பது அது. ஒரு இடத்தில் கூட்டு என்கிறார்கள், இன்னொரு இடத்தில் கழி என்கிறார்கள், எண் மட்டும் ஒன்றே. இரண்டு நாள் மண்டை காய்ந்தது. கடைசியில் பார்த்தால் கேள்வி பிக்சல் என்றால் என்ன என்பதில் இருக்கிறது. படத்தில் இருக்கிற கட்டங்களே உண்மை உருவம் என்றால் கூட்ட வேண்டும். ஆனால் கேமரா அப்படியா வேலை செய்கிறது? ஒவ்வொரு சென்சார் கட்டமும் தன்மேல் விழுந்த வெளிச்சம் முழுவதையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தருகிறது, அதாவது விளிம்பை ஏற்கெனவே ஒரு கட்ட அளவுக்குத் தடவிவிட்டது. சாம்பல் மதிப்புகளை அப்படியே எடையாக வைத்துக் கணக்குப் போட்டால் பரவல் கூடித்தான் வரும், கழிக்க வேண்டும். ஷெப்பர்ட் சொன்னது இந்த நிலைமை.

இது வெறும் வாதம் இல்லையா என்று கேட்டால், எட்டு பிக்சல் அகலக் காய்க்குப் பரவல் 4 வருகிறது. பன்னிரண்டில் ஒரு பங்கு கூட்டினால் அகலம் 8.08. கழித்தால் 7.92. மாமாவுக்கு ஒன்று எட்டு, இன்னொன்று ஏழு. தத்துவ விசாரத்துக்கு ரூபாய் மதிப்பு வந்த இடம் அது!

நான் தத்துவத்தை விட்டுவிட்டுக் கேமராவைக் கீழே இறக்கினேன். பால்வெள்ளை அக்ரிலிக் தட்டு, 160க்கு 120 எம்எம் பரப்பு, கீழிருந்து எல்இடி வெளிச்சம். ஒரு எம்எம்முக்கு நாலு பிக்சல் ஆனது. அதே காய்க்கு இப்போது பரவல் 64, பன்னிரண்டில் ஒரு பங்கைக் கூட்டினாலும் கழித்தாலும் மாற்றம் 0.005 எம்எம். ஏலக்காயில் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. சாம்பிளை ஒரே தடவையில் போட முடியாது, பிரித்துப் பிரித்துப் போட வேண்டும், அவ்வளவுதான். கீழ் வெளிச்சத்தால் நிழல் தொல்லையும் ஒழிந்தது. முன்பு மேலே தொங்கிய பல்பின் நிழல் காயோடு ஒட்டிக்கொண்டு நடுப்புள்ளியையே இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

அளவு சரிதானா என்று பார்க்க சைக்கிள் கடையில் பின்சக்கர பால்ரஸ் குண்டு பத்து வாங்கினேன், கால் அங்குலம், 6.35 எம்எம். நூறு கோடி ரூபாய் ஆய்வகத்தில்கூட இவ்வளவு மலிவாக ஒரு நல்ல அளவுகோல் கிடைக்காது. ஆனால் முதல் நாள் எல்லாக் குண்டும் 6.9, 7 என்று காட்டின. ஜன்னல் வெளிச்சம் குண்டின் தலையில் பளபளத்ததில் கறுப்பு வட்டத்துக்கு நடுவில் வெள்ளை ஓட்டை விழுந்திருந்தது. நடுவில் ஓட்டை விழுந்தால் எடையெல்லாம் ஓரத்துக்குப் போய்விடும், பரவல் கூடும், அகலமும் கூடும். ஸ்கெட்ச் பேனாவால் குண்டுக்குக் கறுப்புப் பூசி, கறுப்பு வெள்ளை பிரிக்கிற வரம்பை ஏற்றி இறக்கி 6.35-க்குக் கொண்டுவந்தேன். அந்த வரம்புதான் எல்லாவற்றையும்விடப் பெரிய திருடன். இரண்டு பக்கமும் அரைப் பிக்சல் நகர்ந்தாலே கால் எம்எம் போச்சு, பன்னிரண்டில் ஒரு பங்கெல்லாம் அதற்கு முன் தூசி.

இன்னொரு கூத்தும் நடந்தது. காம்பு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் எதிர்முனையில் வாய் பிளந்த காயைத் தனியாகப் பிரிக்கலாம் என்று தோன்றியது. இரண்டாம் வரிசை சாய்வைச் சொல்லும், தலை எது வால் எது என்று சொல்லாது, அதற்கு மூன்றாம் வரிசை வேண்டும், மும்மடி. எழுதினேன், தட்டின் இடதுபக்கக் காய்களுக்கு அருமையாக வந்தது. வலதுபக்கக் காய்கள் மட்டும் தலைகீழாகத் திரும்பின, ஒன்று இப்படி ஒன்று அப்படி. காயை இடம் மாற்றி வைத்தால் அதே காய் நல்ல புத்தியாக நடந்துகொள்கிறது. லென்ஸைத் துடைத்தேன், தட்டைத் திருப்பி வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

தப்பு என் புரோகிராமில். வேகமாக ஓட வேண்டும் என்று 32 பிட் தசம எண்ணில் எழுதியிருந்தேன், அதற்கு ஏழு இலக்கம்தான் நம்பகம். தட்டின் வலது ஓரத்தில், 600-ஆவது பிக்சல் பக்கத்தில் கிடக்கிற காய்க்குச் சுமார் 1600 பிக்சல். 600-இன் மும்மடியை 1600 தடவை கூட்டினால் 34 ஆயிரம் கோடிக்கு மேல் போகும். அந்த அளவில் 32 பிட் எண் நகரக்கூடிய மிகச்சிறிய படி 32,768. நான் தேடியதோ நடுப்புள்ளிக்கு மாற்றும்போது இரண்டு ராட்சத எண்களைக் கழித்து மிஞ்சுகிற சில லட்சத்தை. லாரியோடு எடைபோட்டு, லாரியைக் கழித்து, உள்ளே இருக்கிற காய் எத்தனை கிராம் என்று கேட்பது மாதிரி. முதலில் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் அதைக் கழித்துவிட்டு, சின்ன எண்களை மும்மடி செய்து 64 பிட்டில் கூட்டியதும் வலதுபக்கக் காய்கள் திருந்திவிட்டன. 64 பிட்டும் சாஸ்வதமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், 639-ஐ ஆறாம் அடுக்குக்கு உயர்த்தினாலே அது இலக்கம் விடாமல் தாங்கக்கூடிய முழு எண்ணைத் தாண்டிவிடும்.

ஹூவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. மிங்-குவெய் ஹூ 1962-இல் எழுதிய கட்டுரையில் ஏழு எண்கள் தந்தார், உருவத்தை நகர்த்தினாலும் திருப்பினாலும் பெரிதாக்கினாலும் மாறாத எண்கள். ஓப்பன்சிவி என்ற படக்கணக்கு மென்பொருள் தொகுப்பில் ஒரே வரியில் கிடைக்கும். அதனால் எல்லோரும் எதற்கும் போட்டுவிடுகிறார்கள். நான் ஒரு காயைப் பாகைமானி வரைந்த தாளில் வைத்து 15 டிகிரி 15 டிகிரியாகத் திருப்பி 24 படம் எடுத்தேன். முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும் கிட்டத்தட்ட அசையவில்லை. அதற்கு மேல் போகப் போக ஆட்டம் கூடியது, ஏழாவது எண் குறியையே மாற்றிக்கொண்டது. கண்ணாடி பிம்பமாகத் திருப்பினால் குறி மாறுவது ஏழாவதன் இயல்பு, நான் எந்தக் கண்ணாடியும் காட்டவில்லை. ஏறக்குறைய இருபுறமும் ஒத்திருக்கிற காய்க்கு அந்த எண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும், விளிம்புப் பிக்சல் ரெண்டு இடம் மாறினால் போதும், பக்கம் தாவிவிடும். மாறாது என்ற உத்தரவாதம் இடைவெளியில்லாத உருவத்துக்குத்தான், கட்டம் கட்டமான படத்துக்கு ஏறக்குறைய என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஹூவின் மூன்றாவது எண் எனக்குக் கைகொடுத்தது, அது ஒரு தனி ரசனை. சில காய் தட்டில் குத்திட்டு நின்றுவிடும். மேலிருந்து பார்த்தால் முனை மழுங்கிய முக்கோணம். இரண்டாம் வரிசை மொமென்ட்டைக் கேட்டால் அது வட்டம் என்று சத்தியம் செய்யும். சமபக்க முக்கோணத்துக்கு எல்லாத் திசையிலும் பரவல் ஒன்றே என்பதால் அதற்குச் சாய்வும் கிடையாது. அந்த நேரத்தில் ஹூவின் ஏழில் இரண்டாவது, நாலாவது முதல் ஏழாவது வரை எல்லாம் படுத்துவிடும், முதலாவதும் மூன்றாவதும் மட்டும் உயிரோடு நிற்கும். மூன்றாவது எண் கட்டப்பட்டிருப்பதே மூன்று பக்கச் சமச்சீரை மோப்பம் பிடிக்கத்தான். 2000-இல் யான் ஃப்ளூசர் அந்த மூன்றாவது எண் தனியானதல்ல, நாலு ஐந்து ஏழிலிருந்தே அதை வரவழைக்கலாம் என்று காட்டினார். உண்மைதான், ஆனால் நின்ற ஏலக்காய்க்கு அந்த மூன்றுமே பூஜ்யம், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து எதை வரவழைப்பது? மூன்றாவது எண் ஒரு வரம்பைத் தாண்டினால் ‘இது நிற்கிறது, தட்டிவிடு’ என்று திரையில் சிவப்புப் புள்ளி வரும்படி செய்துவிட்டேன்.

செர்னிகே மொமென்ட்டும் முயன்றேன். ஃப்ரிட்ஸ் செர்னிகே 1934-இல் ஒளியியலுக்காக உருவாக்கிய பல்லுறுப்புக்கோவைகள் அவை, மனுஷனுக்கு 1953-இல் நோபல் கிடைத்தது வேறு வேலைக்காக, ஃபேஸ் கான்ட்ராஸ்ட் எனப்படும் கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கிக்காக. 1980-இல் டீக் அவற்றைப் படப் பகுப்பாய்வுக்குக் கொண்டுவந்தார். ஒன்றோடொன்று தகவல் கலக்காது, அழகானவை. ஆனால் அவை வாழ்வது வட்டத்துக்குள், நம் பிக்சல் சதுரம். வட்ட விளிம்பில் பாதி உள்ளே பாதி வெளியே நிற்கிற சதுரங்களை என்ன செய்வது என்பதிலேயே பிழை புகுந்துவிடும், வரிசை கூடக் கூட அது பெருக்கும். லியாவும் பாவ்லாக்கும் 1998-இல் இந்தப் பிழைகளை அக்கு அக்காகப் பிரித்துக் காட்டினார்கள். 2001-இல் முகுந்தனும் கூட இருந்தவர்களும் செபிஷேவின் தனிநிலைப் பல்லுறுப்புக்கோவைகளை எடுத்துக்கொண்டு, தொகையீடே வேண்டாம், ஆரம்பமே கட்டத்தில் என்று பிரச்சினையை வேரோடு தூக்கினார்கள், எனக்கு அந்த வழிதான் பிடித்திருக்கிறது. ஏலக்காய் அகலத்துக்கு இதெல்லாம் பீரங்கி. இரண்டாம் வரிசையை ஒழுங்காகப் போட்டால் போதும்.

தயாரானதும் கடையில் காய் பொறுக்குகிற அக்காவிடம் நூறு காயைக் கொடுத்தேன். அவர் பேசிக்கொண்டே, பார்க்காத மாதிரியே, கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு குவியலாக்கிவிட்டார். என் தட்டுக்கும் அவர் கைக்கும் நாலு காயில்தான் பேச்சு ஒத்துவரவில்லை. மூன்று எல்லைக் காய். நாலாவதை என் தட்டு 8.3 என்றது, அவர் ஏழில் போட்டிருந்தார். ஏன்க்கா என்றேன். “அமுக்கிப் பாரு தம்பி, உள்ள ஒண்ணும் இல்ல” என்றார். அமுக்கினேன், சப்பென்று போனது. நிழலை மட்டும் பார்க்கிற கேமராவிடம் அதற்குக் கணக்கு கிடையாது.

மாமாவுக்குத் தட்டு பிடித்துவிட்டது, தராசுக்குப் பக்கத்திலேயே துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறார். ஒரே ஒரு மாற்றம் மட்டும் கேட்டார், திரையில் 7.96, 8.03 என்றெல்லாம் வருகிறதே, அந்தத் தசமம் வேண்டாம், முழு எண்ணாகக் காட்டு என்று. மேல்பக்கமாக முழுமையாக்கட்டுமா, கீழ்ப்பக்கமாகவா என்று கேட்டேன்.

“அது அன்னைக்கு நாம வாங்குறமா விக்கிறமான்னு பாத்துக்கிட்டு வைய்யி மாப்ள” என்றார்.